எந்தப் புத்தகம் கிடங்குக்கு?

பெரிய ஆராய்ச்சி நூலகங்களின் புத்தகங்கள் இன்று இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒரு பகுதி, வாசகர் நேரில் போய் எடுத்துப் பார்க்கும் அலமாரிகளில். இன்னொரு பகுதி, நிலம் மலிவாகக் கிடைக்கும் ஊர்ப்புறத்தில் கட்டப்பட்ட கிடங்குகளில். இவற்றில் எதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய நூலகர்கள் இரவல் பதிவுகளையும் கோரிக்கைப் பதிவுகளையும் பார்க்கிறார்கள். எத்தனை முறை வெளியே போனது, கடைசியாக எப்போது போனது என்ற இந்த விவரங்களுக்குப் பயன்பாட்டுத் தரவு என்று பெயர்.

இந்த யோசனை கணினியை விட மூத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், வாசிக்கப்படும் புத்தகங்களையும் வாசிக்கப்படாதவற்றையும் பிரித்து, இரண்டாவது வகையைச் செலவு குறைந்த இடத்தில் நெருக்கமாக அடுக்கலாம் என்று 1902-லேயே வாதிட்டார். அது எளிதில் ஏற்கப்படவில்லை. ஆனால் புத்தகங்கள் காத்திருக்கவில்லை. அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் இருப்பு ஏறக்குறைய 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வெஸ்லியன் பல்கலைக்கழக நூலகர் ஃப்ரீமாண்ட் ரைடர் 1944-இல் எழுதினார். அதற்குள், 1942-இல், பாஸ்டன் பகுதி நூலகங்கள் சேர்ந்து ஒரு பொதுக் கிடங்கைத் தொடங்கிவிட்டிருந்தன. நூலகம் என்பது வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்று சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் விதியாகவே வகுத்தார். வளர்வதற்கு இடம் வேண்டுமே என்ற கவலைதான் கிடங்குகளின் தொடக்கம்.

இன்றைய கிடங்குகள் பலவற்றுக்கு முன்மாதிரி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத்பரோவில் 1986-இல் திறக்கப்பட்ட ஹார்வர்டு கிடங்கு. அங்கே புத்தகங்கள் பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை. உயரத்தையும் அகலத்தையும் பார்த்து அடுக்கப்படுகின்றன. ஒரே அளவுள்ளவை ஒரு அட்டைப் பெட்டியில் சேரும். புத்தகத்துக்கு ஒரு பார்கோடு, பெட்டிக்கு ஒன்று, அலமாரித் தட்டுக்கு ஒன்று. சுமார் 9 மீட்டர் உயரமுள்ள அடுக்குகளில் இருந்து பணியாளர் இயந்திர ஏணியில் ஏறிப் புத்தகத்தை எடுத்து வருவார். வேதியியல் நூலுக்குப் பக்கத்தில் சமையல் நூல் இருக்கலாம். இடம் வீணாகாமல் இருந்தால் போதும். குளிரும் வறட்சியும் ஒரே சீராக இருப்பதால் தாளின் ஆயுள் கூடுகிறது. கிடங்கைப் பற்றிய சர்ச்சைகளில் இந்த நன்மை பெரும்பாலும் காதில் விழுவதில்லை.

பணக் கணக்கும் உண்டு. திறந்த அலமாரியில் ஒரு புத்தகத்தை ஓராண்டு வைத்திருக்க ஏறத்தாழ 4.26 டாலர் ஆகிறது, நெருக்க அடுக்குக் கிடங்கில் 0.86 டாலர்தான் என்று பால் கூரான்ட், மேத்யூ நீல்சன் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் கணக்கிட்டார்கள். இந்த வித்தியாசம் புத்தகம் அசையாமல் இருக்கும்வரைதான் லாபம். அடிக்கடி கேட்கப்படும் புத்தகத்தைக் கிடங்குக்கு அனுப்பினால், எடுப்பதற்கும் வண்டியில் ஏற்றுவதற்கும் திருப்பி வைப்பதற்கும் ஆகும் செலவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். ஆகவே எது அசையாது என்று முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஊகத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஃபஸ்லரும் ஜூலியன் சைமனும். 1960-களில் வெளியான அவர்களது ஆய்வின் சாரம் இது: ஒரு புத்தகம் இனி எவ்வளவு வாசிக்கப்படும் என்பதற்கு, இதுவரை எவ்வளவு வாசிக்கப்பட்டது என்பதே மிகச் சிறந்த அடையாளம். பழைய பதிவு கிடைக்காத இடத்தில் வெளியான ஆண்டும் மொழியும் ஓரளவு கைகொடுக்கும். இரவலில் சுமார் 80 சதவீதம், இருப்பில் சுமார் 20 சதவீதப் புத்தகங்களைக் கொண்டே நடக்கிறது என்று 1969-இல் ரிச்சர்ட் ட்ரூஸ்வெல் என்ற ஆய்வாளர் காட்டினார். கடைசியாக இரவல் போன தேதியை வைத்தே பிரித்துவிடலாம் என்பது அவர் வழி. 1979-இல் வந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் சுருக்கென்று இருந்தது. 1969-இல் வாங்கிய புத்தகங்களில் ஏறக்குறைய 40 சதவீதம் முதல் ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. பேராசிரியர்கள் கொதித்தார்கள், ஆய்வு முறையையே கேள்வி கேட்டார்கள்.

நடைமுறையில் நூலகம் ஒரு விதியை வகுத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட ஆண்டுக்கு முன் வாங்கியது, கடந்த பத்து ஆண்டுகளில் வெளியே போகாதது என்பது போன்ற விதி. கணினி பட்டியல் தரும். அதைத் துறை நூலகர்கள் பார்த்து, அகராதிகள், மூலநூல்கள், பாடத்துக்கு வேண்டியவை ஆகியவற்றை விலக்குவார்கள். இந்த இரண்டாவது படியைச் சுருக்கும் நூலகங்கள் பின்னால் வருந்த நேரும். ஏனென்றால் பதிவில் உள்ள பூஜ்யத்துக்குப் பல பொருள் உண்டு.

வாசகர் அலமாரி அருகே நின்றபடியே புரட்டிப் பார்த்துத் திருப்பி வைத்த புத்தகம் இரவல் பதிவில் ஏறாது. மேசைகளில் விட்டுச் செல்லப்படும் புத்தகங்களைத் திரும்ப அடுக்குமுன் பார்கோடைப் படித்துக்கொள்ளும் நூலகங்களில் மட்டுமே அது ஓரளவு தெரியவரும். கணினிமயமாக்கலுக்கு முந்திய இரவல்கள் புத்தகத்தின் தேதிச் சீட்டில் முத்திரையாக இருக்கும், தரவுத்தளத்தில் இருக்காது. பட்டியலில் தவறாகப் பதிவான புத்தகத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே யாரும் கேட்கவும் மாட்டார்கள். மறுபக்கம், ஒரே மாணவர் ஐந்து முறை புதுப்பித்தால் ஐந்து பயன்பாடு என்று எண்ணும் மென்பொருளும் உண்டு. துறைக்குத் துறை வேகமும் வேறு: மருத்துவ நூல் சில ஆண்டுகளில் பழசாகும், வரலாற்று நூலுக்கு முப்பது ஆண்டு கழித்தும் வாசகர் வரலாம்.

பதிவு எண்ணை மட்டும் நம்புவது சிறிய மொழித் துறைகளை அதிகம் தாக்கும். பி.எல்-480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின்கீழ் 1962 முதல் இந்திய மொழி நூல்கள், தமிழ் நூல்கள் உட்பட, அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்குச் சென்று சேர்ந்தன. அவற்றை வாசிக்கக்கூடியவர்கள் ஒரு வளாகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள். எல்லாத் துறைக்கும் ஒரே வரம்பு வைத்தால் முதலில் வண்டி ஏறுபவை இத்தகைய நூல்களே. குறைந்த எண்ணிக்கை இங்கே வாசகர் தொகையைக் காட்டுகிறது, நூலின் மதிப்பை அல்ல.

வினோதம் என்னவென்றால், புத்தகம் கிடங்குக்குப் போன பிறகுதான் தரவு துல்லியமாகிறது. திறந்த அலமாரியில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வாசிப்பு கிடங்கில் சாத்தியமில்லை. பார்கோடு படிக்கப்படாமல் எதுவும் நகராது. ஆனால் கண்ணில் படாத புத்தகம் தற்செயலாகக் கண்டெடுக்கப்படுவதும் நின்றுபோகிறது. அனுப்பிய பின் கேட்பவர் குறைந்தால், அனுப்பியது சரி என்பதற்கு அது முழுச் சான்று ஆகாது.

கிடங்குக்கு உள்ளேயும் தரவுக்கு வேலை உண்டு. மளிகைக் கடையில் வேகமாகப் போகும் சரக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதைப் போல, அதிகம் கேட்கப்படும் பெட்டிகளை எளிதில் எடுக்கக்கூடிய அடுக்குக்கு மாற்றலாம். குறிப்பிட்ட காலத்தில் சிலமுறை கேட்கப்பட்ட புத்தகத்தை வளாகத்துக்கே திருப்பி அனுப்பலாம். பெரும்பாலும் ஒரு கட்டுரைக்காகவே கேட்கப்படும் இதழ்த் தொகுதிகளுக்கு, தொகுதியை வண்டியில் ஏற்றாமல் அந்தப் பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். எந்தக் கிழமையில், பருவத்தின் எந்த வாரத்தில் கோரிக்கை குவிகிறது என்று தெரிந்தால் வண்டி நேரத்தையும் ஆட்களையும் அதற்கேற்ப அமைக்கலாம்.

பல நூலகங்கள் ஒரே கிடங்கைப் பகிரும்போது கேள்வி மாறுகிறது. கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களும் நியூயார்க் பொது நூலகமும் 2000-இல் தொடங்கிய ரீகேப் கூட்டமைப்பில் 2019-இல் ஹார்வர்டும் சேர்ந்தது. ஒரே நூலின் பல பிரதிகள் இருந்து, கோரிக்கையோ அரிதாக இருந்தால், ஒருவர் பிரதியை மற்றவர் பயன்படுத்தலாம். எல்லாரும் தனித்தனியே இடம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பிரதி நிலையாக இருக்கும் என்ற எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். எல்லாரும் தரவைப் பார்த்துத் தங்கள் பிரதியைக் கழித்துவிட்டால் கடைசியில் எதுவும் மிஞ்சாது.

இதற்கு நேர்மாறான நிலை ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்துடையது. பிரிட்டனில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெறும் உரிமை உடையது அது. கழிப்பதற்கு அங்கே இடமே இல்லை. ஸ்விண்டன் அருகே 2.6 கோடி பவுண்டு செலவில் 2010-இல் திறக்கப்பட்ட அதன் கிடங்கில் சுமார் 246 கிலோமீட்டர் நீள அலமாரிகள். குறைவாகக் கேட்கப்படும் நூல்கள் அங்கே போயின. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து கோரிக்கை வந்தால் வண்டியில் வரும். பயன்பாட்டுத் தரவு அங்கே இடத்தை மட்டும் தீர்மானிக்கிறது. தரவுக்குத் தகுந்த வேலை அதுதான்.

எண்ணிக்கை மட்டும் வாசகரைச் சமாதானப்படுத்தாது என்பதை நியூயார்க் பொது நூலகம் கண்டது. அதன் 42-ஆம் தெருக் கட்டடத்தின் அடுக்குகளை அகற்றி, புத்தகங்களில் பெரும்பகுதியை நியூ ஜெர்சியில் உள்ள ரீகேப் கிடங்குக்கு மாற்றும் திட்டத்தை எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் எதிர்த்தார்கள். கையோடு கிடைக்கும் நூலும் காத்திருந்து பெறும் நூலும் ஆய்வுக்கு ஒன்றல்ல என்பது அவர்கள் வாதம். 2014-இல் திட்டம் கைவிடப்பட்டது. அருகிலுள்ள பிரையன்ட் பூங்காவின் அடியில் கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டது.

பதிவுகளைக் காப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. எந்தப் புத்தகம் எப்போது போனது என்பதே கிடங்கு மேலாண்மைக்கு வேண்டியது. யார் வாசித்தார் என்பது வேண்டியதில்லை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் வாசகர் பதிவுகளின் இரகசியத்தைச் சட்டம் காக்கிறது. புத்தகம் திரும்பி வந்ததும் பெயருடனான தொடர்பை அழித்துவிட்டு, தேதியையும் எண்ணிக்கையையும் தேவையானால் துறையையும் மட்டும் வைத்துக்கொள்ளும்படி மென்பொருளை அமைக்க முடியும். அந்த அமைப்பைத் தொடக்கத்திலேயே செய்யாத நூலகம், முன்பு சேர்ந்த பதிவுகளில் இருந்து பெயர்களைத் தனியே நீக்க வேண்டியிருக்கும்.