பைத்தானில் தமிழ் உரையைக் கையாளும்போது எழும் வழுக்கள்

பைத்தான் நிரல்மொழியில் தமிழ் உரையைக் கையாளும் நிரல்களில் சில வழுக்கள் திரும்பத் திரும்பத் தோன்றுகின்றன. எழுத்துகளின் எண்ணிக்கை தவறாக வருதல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்களைக் கணினி வேறுவேறு என்று கொள்ளுதல், கோப்பைத் திறந்தவுடன் நிரல் நின்றுபோதல், அகரவரிசை குலைதல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தமிழ் எழுத்து ஒருங்குறியில் எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதை அறிந்தவருக்கு இவற்றின் காரணம் எளிதில் விளங்கும். கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை சென்னை வடபழனியும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் சார்ந்த பெயர்கள்.

அடிப்படை

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரமேறிய உயிர்மெய்கள், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கே இடம் உண்டு. மற்றவை இவற்றைச் சேர்த்து உருவாக்கப்படுகின்றன.

தமிழ் இலக்கணம் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கிறது என்று கற்பிக்கிறது. ஒருங்குறி இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. அங்கே ‘க’ என்பதே அடிப்படை. அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறி வந்து அகரத்தை நீக்கினால்தான் ‘க்’ கிடைக்கும். பள்ளியில் படித்த இலக்கணத்தை நம்பி நிரல் எழுதும் மாணவர் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

நீளமும் தலைகீழ்ச் சொல்லும்

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று விடை தரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். எழுத்துகளோ மூன்று. ‘வடபழனி’ 5 எழுத்து, 6 குறி. ‘கோடம்பாக்கம்’ 7 எழுத்து, 12 குறி.

பழைய பைத்தான் 2 பதிப்பில் ‘தமிழ்’ என்பதற்கு 15 என்ற விடைகூட வரும். அதன் இயல்பான சரம் பைட்டுகளால் ஆனது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3 இதை மாற்றியது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. ஆயினும் பழைய பாடக்குறிப்புகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதுபவர் முதலில் அது எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்க வேண்டும்.

முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படும் சொல்லா என்று சோதிக்கும் பயிற்சி, நிரலாக்கம் கற்பவர் எல்லாருக்கும் தரப்படுவது. தமிழில் இதற்கு உடனே நினைவுக்கு வருவது ‘விகடகவி’. அதைக் கொடுத்தால் நிரல் ‘இல்லை’ என்று சொல்லும். சரத்தைத் தலைகீழாக்கும்போது இகரக் குறி தன் வகரத்தை விட்டு முன்னால் போய்விடுவதே காரணம். முதலில் சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, பின்பு அந்தப் பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும்.

பிரிக்கும் வழி எளிது. சொல்லை ஒவ்வொரு குறியாகப் படித்துச் செல்ல வேண்டும். குறியின் எண் 3006 முதல் 3021 வரை இருந்தாலோ 3031 ஆக இருந்தாலோ அது துணைக்குறி அல்லது புள்ளி. அதை முந்தைய எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும். இல்லையென்றால் புதிய எழுத்து தொடங்குகிறது. க்ஷ என்பதற்குத் தனி விதி வேண்டும். அது க, புள்ளி, ஷ என்ற மூன்று குறிகளின் சேர்க்கை. இதைத் தாமே எழுத விரும்பாதவர்கள் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரலகத்தைப் பயன்படுத்தலாம். தமிழிலேயே கட்டளைகள் எழுத உதவும் ‘எழில்’ நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை இதன் முதன்மைப் பங்களிப்பாளர்களுள் ஒருவர். எனினும் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்ப்பது மாணவருக்கு நல்லது.

ஒன்றுபோல் தெரியும் வேறு சொற்கள்

‘கோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி (3019) ஒன்றே வரலாம்; ஏகாரக் குறியும் (3015) ஆகாரக் குறியும் (3006) தனித்தனியே அடுத்தடுத்தும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பட்டியலில் ஒரு விதமாகவும் தேடல் பெட்டியில் மறுவிதமாகவும் இருந்தால், கண்முன்னே இருக்கும் கோடம்பாக்கத்தை நிரல் ‘காணவில்லை’ என்று சொல்லும். பெயர்ப்பட்டியலில் இது நேர்ந்தால் ஒருவருடைய பெயரே விடுபட்டுப் போகும்.

பைத்தானுடன் வரும் ‘யூனிகோடு டேட்டா’ கூறில் உள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு இதைச் சீர்செய்யும். அதில் ‘என்எஃப்சி’ வடிவத்தைத் தேர்ந்தால் பிரிந்த குறிகள் ஒன்றாகும். உரை உள்ளே வரும் இடத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். ஒப்பிடும் இடங்களில் எல்லாம் செய்யப் போனால் ஓர் இடம் கட்டாயம் விட்டுப்போகும்.

இந்தச் செயற்கூறு தீர்க்காத மூன்று உண்டு. முதலாவது, ஔகாரக் குறியின் பின்பாதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டச்சிடுவது. இரண்டாவது, ‘அவர்’ என்பதில் ரகரத்துக்குப் பதில் ஆகாரக் குறியும் அதன்மேல் புள்ளியும் இருப்பது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட செய்திகளில் இது மிகுதி. ஆகாரக் குறியை அடுத்துப் புள்ளி வரும் சொல் தமிழில் இல்லை. ஆகவே அந்த இணையை ‘ர்’ என்று துணிந்து மாற்றிவிடலாம். ளகரத்தை அப்படிக் கண்மூடி மாற்ற முடியாது. ‘பெளர்ணமி’ திருத்த வேண்டியது, ஆனால் ‘தெளிவு’ அப்படியே இருக்க வேண்டியது. மூன்றாவது, ‘ஸ்ரீ’. இதை ஸகரத்தாலும் எழுதலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் எழுதலாம்.

கண்ணுக்குத் தெரியாத குறிகளும் தொல்லை தரும். சில விசைப்பலகைகள் 8204 என்ற எண்ணுள்ள அகலமற்ற குறியை இடையில் நுழைக்கின்றன. ஓரத்து வெற்றிடங்களை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’ இதைத் தொடாது. ஐயம் எழும்போது திரையை நம்பாமல் ‘ஆஸ்கி’ செயற்கூற்றால் சரத்தை அச்சிட்டுப் பார்த்தால் ஒவ்வொரு குறியின் எண்ணும் வெளிப்படும். இந்த ஒரு பழக்கமே பாதி வழுக்களைக் காட்டிக்கொடுக்கும்.

கோப்பைத் திறக்கும்போது

விண்டோஸ் கணினியில் குறியாக்கத்தைச் சொல்லாமல் கோப்பைத் திறந்தால் பைத்தான் அந்தக் கணினியின் இயல்பான குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுக் கணினிகளில் அது பெரும்பாலும் மேலைநாட்டு எழுத்துகளுக்கான 1252. விளைவு சொல்லுக்குச் சொல் மாறுபடும். கோப்பில் ‘வடபழனி’ மட்டும் இருந்தால் பிழை எதுவும் வராது. தமிழுக்குப் பதிலாகத் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வட்டமிட்ட பதிவுக்குறிகளும் வரும். ‘கோடம்பாக்கம்’ இருந்தால் நிரல் நின்றுபோகும். புள்ளியின் மூன்று பைட்டுகள் 224, 175, 141. இவற்றுள் 141 என்ற இடம் 1252-இல் காலி. அதனால் பிழைச்செய்தி வருகிறது.

நிரல் நின்றுபோவதே நல்லது. நிற்காமல் சிதைந்த உரையைப் படித்து, அதையே மறுபடி சேமித்துவிட்டால் பட்டியல் கெட்டுவிடும். கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘என்கோடிங்’ என்பதற்கு யுடிஎஃப்-8 என்று எழுதுவதே தீர்வு. பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து இதுவே இயல்பாக அமையும் என முடிவு செய்யப்பட்டுள்ளது. அதற்கு முந்தைய பதிப்புகள் இன்னும் பல காலம் புழங்கும் என்பதால் எழுதிவிடுவதே பாதுகாப்பு.

எக்செல்லில் திறக்க வேண்டிய பட்டியலை ‘யுடிஎஃப்-8-சிக்’ என்ற வகையில் சேமிக்க வேண்டும். பாமினி, டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டாப், டாம் முதலிய பழைய குறியாக்கங்களில் உள்ள கோப்புகளைப் பைத்தான் தானாக அறியாது. முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும்.

சொல்லைத் தேடுதலும் பெயரைச் சரிபார்த்தலும்

சொற்களைப் பிரிக்கப் பலரும் சுருங்குறித் தொடரில் ‘சொல்லெழுத்து’ என்னும் குறுக்குவழியைப் பயன்படுத்துவர். பைத்தானின் ‘ரீ’ கூறு துணைக்குறிகளையும் புள்ளியையும் சொல்லெழுத்தாக ஏற்பதில்லை. ‘வடபழனி’ அங்கே ‘வடபழன’ என்று குறைபடும். ‘தமிழ்’ என்பது ‘தம’, ‘ழ’ என்று உடையும். குறுக்குவழியை விட்டு, 2944 முதல் 3071 வரையுள்ள குறிகள் என்று வரம்பை நேரடியாகக் கொடுக்க வேண்டும்.

‘இஸ்ஆல்ஃபா’ செயற்கூற்றுக்கும் இதே குறை உண்டு. இதைக் கொண்டு எழுதிய படிவத்தில் ‘கமலா’ என்று ஒருவர் தம் பெயரை இட்டால், ‘எழுத்துகளை மட்டும் இடவும்’ என்று படிவம் திருப்பி அனுப்பும். தமிழில் பெயர் எழுதியவர் தாம்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். வேடிக்கை என்னவென்றால், அதே ‘கமலா’ பைத்தான் 3-இல் ஒரு மாறியின் பெயராக எந்தத் தடையும் இன்றி ஏற்கப்படும்.

அகரவரிசை

வரிசைப்படுத்தும் கட்டளை குறிகளின் எண்ணையே பார்க்கும். ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்துக்கு முன்பும் உள்ளன. அதனால் அடையாறு, அனகாபுத்தூர், அயனாவரம், அரும்பாக்கம் என்று பட்டியல் வரும். தமிழ் மரபுப்படி அனகாபுத்தூர் கடைசியில் வர வேண்டும். ஜாஃபர்கான்பேட்டை சாலிகிராமத்தை அடுத்து வந்து நிற்கும். அகராதி மரபில் கிரந்த எழுத்துகளுக்கு இடம் இறுதியில். மரபு வரிசையை ஒரு பட்டியலாக எழுதி, ஒவ்வொரு குறிக்கும் அப்பட்டியலில் உள்ள இடத்தை எண்ணாகத் தரும் சிறு செயற்கூற்றை வரிசைப்படுத்தும் கட்டளையின் ‘கீ’ பகுதியில் கொடுத்தால் போதும்.

தமிழ் எண்கள்

௧௨ என்ற சரத்தை முழு எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் தயங்காமல் 12 தரும். பத்தைக் குறிக்கும் ௰ கொடுத்தால் பிழை காட்டும். ௰, ௱, ௲ ஆகியவற்றை ஒருங்குறி இலக்கங்களாகக் கொள்வதில்லை. பழைய முறையில் எழுதிய எண்களுக்குத் தனியே மாற்றி எழுத வேண்டும்.