வயிற்றைப் படம் எடுக்கச் சொன்னால்...

படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்து விவசாயி. பல மாதங்களாக வயிற்றுவலி. வயிற்று ஸ்கானுக்குத் திகதி கிடைத்த நாளன்று விடியுமுன் எழுந்து, முதல் பஸ்ஸில் ஏறி, வாவியைக் கடந்து வைத்தியசாலைக்கு வந்து சேர்கிறார். "ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, ஒரு பால்தேத்தண்ணி மட்டுந்தான்" என்கிறார். வேறு திகதி எழுதிக் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். அது வெட்டுக்காலம். ஒருநாள் கூலி போயிற்று. அடுத்த முறை அவர் போகவே இல்லை.

இவரைப் போன்ற பலரை நாம் கண்டிருக்கிறோம். நம் ஊரில் தேத்தண்ணி சாப்பாட்டில் சேராது. ஸ்கான் அறையில் அதுவும் சாப்பாடுதான். பால் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிவிடும், படத்தில் சரியாகத் தெரியாது. இந்த ஒரு விடயத்தை முன்பே கேட்டறிந்திருந்தால் அவருடைய பயணம் வீணாகியிராது. படம் எடுப்பதில் பாதி வேலை இயந்திரத்தினுடையது. மற்றப் பாதி நம்முடையது.

எப்போது தாமதிக்கக் கூடாது?

மலத்துடன் இரத்தம் போதல், மலம் தார்போல் கறுத்துப் போதல், காரணமின்றி உடல் மெலிதல், மலம் கழிக்கும் வழக்கம் மாறிச் சில வாரங்களாகியும் சீராகாமை ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். இரத்தம் கண்டால் "மூலம்தானே" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. குடற் புற்றுநோயும் தொடக்கத்தில் இப்படித்தான் காட்டக்கூடும். வயிறு ஊதி, வாந்தியெடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுவிட்டால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளுக்குப் போனாலும், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போனாலும், எந்தப் பரிசோதனை தேவை என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். புழுத்தொல்லைக்கும் சாதாரண வயிற்றோட்டத்துக்கும் பெரும்பாலும் படம் தேவைப்படாது. மலப் பரிசோதனை போதும்.

என்னென்ன படங்கள்?

எக்ஸ்றே: இதற்கு ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். குடல் அடைபட்டதா, ஓட்டை விழுந்ததா என்பதை அவசரத்தில் அறிய உதவும்.

ஸ்கான்: வயிற்றில் குளிர்ந்த பசை பூசி, ஒரு சிறு கருவியை அழுத்தி நகர்த்துவார்கள். ஒலியலையால் எடுப்பதால் கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். மேல்வயிறு என்றால் வெறும் வயிற்றுடன் வரச் சொல்வார்கள். அடிவயிறு என்றால் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். நமக்குச் சொல்லப்பட்டது எது என்பதைக் கேட்டு, துண்டிலே எழுதுவித்துக்கொள்ள வேண்டும்.

பேரியம் படம்: 1895இல் ரொன்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தபோது எலும்பு தெளிவாகத் தெரிந்தது, குடல் அப்படித் தெரியவில்லை. அதைத் தெரியச் செய்யவே சுண்ணாம்புக் கரைசல் போன்ற பேரியத்தைக் குடிக்கத் தருகிறார்கள். பெருங்குடலென்றால் ஆசனவாய் வழியாகச் செலுத்துவார்கள். பின்னர் ஓரிரு நாட்கள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்படத் தேவையில்லை. மலம் இறுகாதிருக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். இன்று பல சந்தர்ப்பங்களில் இதற்குப் பதிலாக சீரீ ஸ்கானோ, கமரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் பரிசோதனையோ செய்யப்படுகிறது.

சீரீ ஸ்கான்: பெரிய வளையமொன்றின் ஊடாகப் படுக்கை நகரும். மூச்சை அடக்கச் சொல்லும்போது அடக்கினால் போதும். நரம்பில் மருந்து ஏற்றினால் உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் போய்விட்டது போலவும் தோன்றும். சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். மூச்சு முட்டினாலோ உடம்பு கடித்தாலோ உடனே சொல்ல வேண்டும். சிறுநீரக நோய், ஒவ்வாமை, கர்ப்பம், நீரிழிவு மருந்து ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பேதி மருந்து தந்தால்

பெருங்குடலைப் பார்ப்பதற்கு முன் பேதி மருந்து தருவார்கள். குடலில் மலம் தங்கினால் கட்டி எது, மலம் எது என்று பிரித்தறிவது கடினம். அந்த இரவு பலமுறை வெளியே போக நேரிடும். தற்காலிகக் கொட்டிலில் இருப்பவர்களுக்கும், மலசலகூடம் தூரத்தில் உள்ளவர்களுக்கும் இது பெரிய சோதனை. முதியவர்கள் இருட்டில் விழுந்துவிடவும் கூடும். ஆகவே இயலுமானால் நகரிலுள்ள உறவினர் வீட்டில் அன்றிரவு தங்குங்கள். அதற்கு வழியில்லையென்றால் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். வார்டில் அனுமதிக்க முடியுமா என்று கேளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் தாமாகப் பட்டினி கிடக்கக் கூடாது. என்ன செய்வதென்று முதலில் கேட்டறிய வேண்டும்.

மறைக்கக் கூடாத ஒன்று

நம்மில் பலருடைய உடம்பில் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் இன்னும் இருக்கின்றன. வலி இல்லாததால் மறந்திருப்போம். கேள்வி வருமே என்று பயந்து மறைத்தும் இருப்போம். எம்.ஆர்.ஐ. இயந்திரம் வலிய காந்தத்தால் இயங்குவது. உள்ளேயுள்ள இரும்புத் துண்டை அது அசைத்துவிடலாம். கண்ணருகிலோ இரத்தக்குழாய் அருகிலோ துண்டு இருந்தால் பேராபத்து. எனவே எந்தப் படம் எடுத்தாலும் காயத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். சிகிச்சைக்காகத்தான் கேட்கிறார்கள்.

பழைய துண்டுகள்

1990இலும், மீண்டும் 2006, 2007இலும் ஓடியபோது காணி உறுதியும் அடையாள அட்டையும் தொலைந்தது போல நம் நோய்க் குறிப்புகளும் தொலைந்தன. பழைய படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கும்போதே புதிய படம் முழுப் பயன் தரும். தொலைந்திருந்தால், செய்த சத்திரசிகிச்சை, அது நடந்த ஆண்டு, குடித்த மருந்து ஆகியவற்றை நினைவிலிருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். இனிக் கிடைப்பதை எல்லாம் பொலித்தீன் பையிலிட்டு, உறுதியோடு சேர்த்து வையுங்கள். மீண்டும் வெள்ளம் வந்தாலும் அந்தப் பை முதலில் கைக்கு வரட்டும்.

முடிவு வந்த பின்

படம் எடுப்பவர் முடிவைச் சொல்லமாட்டார். நிபுணர் பார்த்து அறிக்கை எழுத நாளாகலாம். "ஒன்றுமில்லை" என்று வந்தால் உங்கள் வலி பொய் என்று பொருளல்ல. குடல் இயங்கும் விதத்திலுள்ள கோளாறு படத்தில் தெரியாது. அதற்கும் மருந்து உண்டு. ஆகவே அறிக்கையுடன் திரும்பவும் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் பாதைக்காகக் காத்து நின்றவர்கள் நாம். இன்று வழி எளிதாகியிருக்கிறது. முதல் தடவை திருப்பி அனுப்பினாலும் இரண்டாம் தடவை போவோம். போகுமுன், "எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது?" என்று கேட்டுக்கொண்டு போவோம்.