கருப்பட்டிச் சமையல்

கருப்பட்டி என்பது பனை மரத்தின் பதநீரைக் காய்ச்சிப் பெறப்படும் இனிப்புப் பொருள் ஆகும். தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது. உடன்குடி பனங்கருப்பட்டி 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

வரலாறு

குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இயங்கியது. இதனையொட்டித் திருச்செந்தூர், திசையன்விளை இடையே 1914 முதல் 1940 வரை குறுகிய பாதைத் தொடர்வண்டி ஓடியது.

தயாரிப்பு

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்படுகிறது. சுண்ணாம்பு நொதித்தலைத் தடுப்பதால் சாறு கள்ளாக மாறாமல் பதநீராக இருக்கிறது. இது பாகாகக் காய்ச்சப்பட்டுச் சிரட்டைகளில் ஊற்றி உறைய வைக்கப்படுகிறது.

வீட்டுச் சமையல்

கருப்பட்டியை நீரில் கரைத்து, மணலும் தூசியும் நீங்க வடிகட்டிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

* இனிப்பு: உளுந்தங்களி, ஓலைக்கொழுக்கட்டை, அதிரசம், கருப்பட்டி மிட்டாய்.
* காரம்: புளிக்குழம்பை இறக்கும் முன் சிறு துண்டு சேர்த்தால் புளிப்பும் உறைப்பும் சமன்படும்.
* பானம்: சுக்கு, மிளகு சேர்த்த கருப்பட்டிக் காப்பி. பால் சேர்ப்பதாயின் இறக்கி ஆறிய பின் சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாகில் பால் திரியக்கூடும்.

சாக்கலேட்டுடன் சேர்த்தல்

உருக்கிய சாக்கலேட்டில் சிறிதளவு பாகு விழுந்தாலும் அதிலுள்ள நீர் சர்க்கரைத் துகள்களை ஒட்டச் செய்து, கலவையை இறுக்கிவிடும். சூடான பாலை மேலும் சேர்த்துக் கலக்கினால் அது மீண்டும் இளகும். எனவே கருப்பட்டி சாக்கலேட் கட்டிகளைவிடக் கேக்குக்கும் பானத்துக்கும் ஏற்றது.

கவனிக்க வேண்டியவை

கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்குரோசே ஆகும். ஆகவே நீரிழிவு நோயாளிகள் இதனைத் தீங்கற்ற மாற்று எனக் கருதலாகாது. சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் விற்கப்படுகிறது.