குருமனையின் எல்லை எதுவரை?

நம் ஊர்த் திருச்சபைகளில் போதகர் குடியிருக்கும் வீட்டைக் குருமனை என்பார்கள். ஸ்காட்லாந்தில் அதற்கு 'மேன்ஸ்' என்று பெயர். பேராயர்கள் இல்லாமல், மூப்பர்களின் அவைகள் நிர்வகிக்கும் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையே அங்கு தேசியத் திருச்சபை. சென்னை எழும்பூரில் 1821-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் அந்த மரபில் எழுந்த ஆலயம்தான். ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பழைய மேன்ஸ் ஒன்றைத் தேடிப் போகிறவருக்கு முதலில் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலும் இரண்டு தளம், நடுவில் வாசல், இருபுறமும் சன்னல்கள், கற்பலகை வேய்ந்த கூரை, அவ்வளவுதான். இதில் பாரம்பரியச் சின்னமாகக் காக்க என்ன இருக்கிறது? வீட்டை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. வீடு, தோட்டம், தொழுவம், நிலம் ஆகிய நான்கும் சேர்ந்ததே குருமனை. காப்பதென்றால் நான்கையும் சேர்த்துக் காக்க வேண்டும்.

இந்த நான்கையும் இணைத்தது சட்டம். போதகருக்கு வீடு கட்டித் தரும் பொறுப்பை 1663-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தந்தப் பங்கின் நிலக்கிழார்கள் மேல் சுமத்தியது. வீட்டோடு 'கிளீப்' எனப்படும் மானிய நிலமும் உண்டு. போதகர் அதில் பயிரிட்டார், மாடு குதிரை மேய்த்தார். அதனால் தொழுவமும் களஞ்சியமும் தேவைப்பட்டன. செலவு செய்தவர்கள் நிலக்கிழார்கள் என்பதால் அலங்காரத்துக்கு அதிக இடமில்லை. 1925-இல் வந்த சட்டம் இந்தச் சொத்துகளைத் திருச்சபையிடமே ஒப்படைக்க வழிசெய்யும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது. கிராமத்தில் நிறையப் படித்தவர், ஊரை வீடு வீடாக அறிந்தவர், மண்ணில் கால் வைத்துப் பயிர் செய்தவர் என மூன்று பேரும் ஒருவராக வாழ்ந்த இடம் குருமனை. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் சின்க்ளேர் 1790-இல் 160-க்கும் மேற்பட்ட கேள்விகளைப் போதகர்களுக்கு அனுப்பி, மக்கள்தொகை, பயிர், கூலி, நோய் பற்றியெல்லாம் எழுதி வாங்கினார். 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளிவந்த அந்த ஸ்காட்லாந்துப் புள்ளிவிவர நூலின் பெரும்பகுதியை எழுதியவர்கள் குருமனைவாசிகளே.

தெற்கே டம்ஃபிரிஸ்ஷயரில் உள்ள ரத்வெல் கிராமம் இதற்குச் சிறந்த சான்று. அங்கே 1799-இல் போதகராக வந்தவர் ஹென்றி டங்கன். அன்றைய வங்கிகள் ஏழைகளின் சில்லறையைத் தொடவில்லை. ஆறு பென்ஸ் இருந்தாலும் கணக்குத் தொடங்கலாம் என்று 1810-இல் அவர் ஒரு சேமிப்பு வங்கியை நிறுவினார். உலகெங்கும் பரவிய சேமிப்பு வங்கி இயக்கத்துக்கு அது முன்மாதிரியானது. அருகிலிருந்த மணற்கல் குவாரியில் கிடைத்த விலங்குத் தடங்களைப் பற்றி 1828-இல் எடின்பரோ ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதினார். புதைபடிவத் தடங்களைப் பற்றிய முதல் அறிவியல் விவரணைகளில் அதுவும் ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டின் புவியியல் அறிஞர் வில்லியம் பக்லாண்ட், பிசைந்த மாவின் மேல் ஆமைகளை நடக்கவிட்டு, பதிந்த கால்தடங்களை அந்தக் கல்லின் தடங்களோடு ஒப்பிட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று ரத்வெல் சிலுவை. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்சிலுவையின் ஓரங்களில், சிலுவையே பேசுவதாக அமைந்த பழைய ஆங்கிலக் கவிதையின் வரிகள் ரூனிக் எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன. உருவ வழிபாடு என்று சொல்லி 1642-இல் அதை உடைத்துப் போட்டார்கள். டங்கன் துண்டுகளைத் தேடிச் சேர்த்து, 1823-இல் குருமனைத் தோட்டத்திலேயே நிமிர்த்தி வைத்தார். 1887-இல் ஆலயத்துக்குள் கொண்டுபோகும்வரை அது அங்கேதான் நின்றது.

ஒரே மாதிரி வீடுகள் நூற்றுக்கணக்கில் இருக்க எல்லாவற்றையும் காப்பானேன் என்று கேட்கலாம். அந்த ஒரே மாதிரிதான் சில இடங்களில் வரலாறு. மேட்டுநிலங்களிலும் தீவுகளிலும் ஆலயங்கள் கட்ட 1820-களில் பாராளுமன்றம் 50,000 பவுண்டு ஒதுக்கியது. ஓரிடத்தில் ஆலயத்துக்கும் மேன்ஸுக்கும் சேர்த்து 1,500 பவுண்டுதான் உச்சவரம்பு. பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் பொறுப்பில் அச்சு மாறாத கட்டடங்கள் எழுந்தன. அரசு கிராமத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதற்கு அவை கல்லில் எழுதிய ஆவணம். 1828-இல் அயோனா தீவில் கட்டிய மேன்ஸ் இன்று ஊரின் பாரம்பரிய மையமாக இயங்குகிறது.

இன்னொரு ஆட்சேபம் கடுமையானது. மேட்டுநிலங்களில் ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று குடியானவர்களை நிலக்கிழார்கள் துரத்தியபோது போதகர்களில் பலர் துரத்தியவர்கள் பக்கம் நின்றார்கள். குரோய்க் ஆலயத்தின் சன்னல் கண்ணாடியில், 1845-இல் கிளென்கால்வியிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வெளியே நின்று கீறிய எழுத்துகள் இன்றும் தெரிகின்றன. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் இடத்தை அழித்துவிட்டால் குற்றத்தின் சாட்சியும் சேர்ந்தே அழியும். போதகரை நிலக்கிழாரே நியமிக்கும் முறையை எதிர்த்து 1843-இல் ஏறத்தாழ 450 போதகர்கள் தங்கள் குருமனைகளை விட்டு வெளியேறியதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். நாற்பதாண்டுக்கு மேல் வாழ்ந்த வீட்டைத் துறந்த டங்கனும் அவர்களில் ஒருவர். அந்த இழப்பின் கனத்தை உணர, அவர்கள் எதை விட்டுச் சென்றார்கள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

சுருங்கிவரும் சபைகளுக்குப் பழைய வீட்டைச் சூடாக்கவே பெருஞ்செலவு, விற்பதில் தவறில்லை. பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடும் ஸ்காட்லாந்தின் முறை விற்பனையையும் குடியிருப்பையும் தடுப்பதில்லை. பல பதிவுகள் தொழுவத்தையும் மதிலையும் வாயில்தூண்களையும் வீட்டோடு சேர்த்தே குறிக்கின்றன. அதுவே சரியான வழி. வீட்டுக்கு வண்ணம் பூசிவிட்டுத் தோட்டத்தை மனைகளாகக் கூறு போட்டால் மிஞ்சுவது ஒரு பழைய வீடு, குருமனை அல்ல. ரத்வெல் சிலுவை அறுபதாண்டுக்கு மேல் நின்றது அப்படியொரு தோட்டத்தில்தான்.