கிட்டாருக்கு ஒரு காது!
உப்புக் காற்றிலிருந்து அதைக் காப்பது எப்படி?

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர் ஆலந்தலை. இங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. சன்னல் கம்பியில் துரு ஏறும். செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடிக்கும். படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால், உப்பு அதைத் தின்றுவிடும்.

இப்படிப்பட்ட கடற்கரையில் ஒருவர் மின்சார கிட்டார் வைத்திருந்தால் என்ன ஆகும்?

நேற்று வரை நன்றாகப் பாடிய கிட்டார், இன்று திடீரென்று ஊமையாகிவிடலாம்! தந்தி அறுந்திருக்காது. மரம் உடைந்திருக்காது. ஒலிபெருக்கியும் சரியாகவே இருக்கும். பிறகு குற்றம் எங்கே? தலைமயிர் போன்ற மெல்லிய ஒரு கம்பியில்!

அந்தக் கம்பி இருக்கும் உறுப்புக்கு 'பிக்கப்' என்று பெயர். மின்சார கிட்டாருக்கு அதுதான் காது.

காந்தம் செய்யும் வேலை

சாதாரண கிட்டாரின் வயிறு காலியாக இருக்கும். தந்தியின் ஒலியை அந்த வயிறு பெரிதாக்கும். மின்சார கிட்டார் பெரும்பாலும் கெட்டியான பலகை. அதை அப்படியே மீட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

ஆகவே தந்திகளுக்கு அடியில் பிக்கப்பைப் பொருத்துகிறார்கள். அதில் காந்தம் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப் புலமும் அசைகிறது. உடனே சுருளில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. நைலான் தந்தி போட்டால் இந்தக் காதுக்கு ஒன்றும் கேட்காது!

காந்தம் அசைந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் கண்டவர் இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே. நூறு ஆண்டு கழித்து, 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் அதைக் கிட்டாரில் பொருத்தினார். அந்தக் கிட்டாரின் வட்ட வடிவத்தைப் பார்த்து 'வாணலி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1937-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

கர்நாடக இசைக்கும் உதவியது

இது மேல்நாட்டுப் பாட்டுக்கு மட்டும் பயன்பட்ட பொருள் அல்ல. மாண்டலின் சீனிவாஸை நினைத்துப் பாருங்கள். 1969-ல் ஆந்திராவில் பிறந்து, சென்னையில் புகழ்பெற்ற மேதை அவர். சாதாரண மாண்டலினில் ஒலி சட்டென்று அடங்கிவிடும். கமகம் பிடிக்க நேரம் போதாது. அவர் வாசித்ததோ ஐந்து தந்தி கொண்ட மின்சார மாண்டலின். அதில் ஒலி நீண்டது. கமகம் குழைந்தது. 2014-ல் அவர் மறைந்தார். மின்சார மாண்டலினுக்குக் கர்நாடக இசை மேடையில் இடம் வாங்கித் தந்த பெருமை அவருடையது.

ஏழாயிரம் சுற்று!

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையைப் பலரும் பார்த்திருப்பார்கள். பிக்கப் செய்வதும் அதே மாதிரி வேலைதான். ஆனால் கம்பி மிக மிக மெல்லியது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு! மேலே மின்சாரம் கசியாதபடி வார்னிஷ் பூச்சு இருக்கும். ஒரு பிக்கப்புக்கு 7 ஆயிரம், 8 ஆயிரம் சுற்றுக்கூடச் சுற்றுகிறார்கள். இறுக்கினால் கம்பி அறும். தளர்த்தினால் சுருள் ஆடும்.

பேஸ் கிட்டாருக்குத் தந்தி தடிமன், ஒலி ஆழமானது. 1957-ல் பெண்டர் கம்பெனி தன் பேஸ் கிட்டாரின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கியது. ஒரு துண்டு பிடிக்கும் மின்சார இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். இரண்டு சுருளை எதிரெதிராக வைக்கும் இந்த யுக்தியைக் கிட்டாருக்காக 1955-லேயே அமைத்தவர், கிப்சன் கம்பெனியைச் சேர்ந்த சேத் லவர்.

மெழுகுக் குளியல்

சுருள் தளர்ந்திருந்தால், ஒலிபெருக்கியின் சத்தத்திலேயே அது நடுங்கும். உடனே 'கீச்' என்று அலறும். அதைத் தடுக்கத்தான் மெழுகு.

பாரபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு சேர்ப்பார்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 65 டிகிரி சூட்டில் உருக்குவார்கள். நேரடியாக அடுப்பில் வைத்தால் மெழுகு தீப்பிடிக்கும். சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் கட்டை வளையும்.

பிக்கப்பை மெழுகில் முக்கியதும் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். குமிழி நின்றால், உள்ளே மெழுகு இறங்கிவிட்டது என்று பொருள். ஆறிய பிறகு கம்பி அசையாது. ஈரக் காற்றும் எளிதில் உள்ளே புகாது.

சில பிக்கப்புகளைப் பிசின் ஊற்றி முழுவதும் மூடிவிடுவார்கள். அதற்குப் பாதுகாப்பு அதிகம். ஆனால் கம்பி அறுந்தால் திறந்து பழுது பார்ப்பது அரிது.

வீட்டில் செய்ய வேண்டியது

வாசித்து முடித்ததும் தந்தியையும் பிக்கப்பையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கை வியர்வையிலும் உப்பு உண்டு. கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூட வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைக் கூடவே போடுவது நல்லது.

கடற்கரை மணலில் கிட்டாரைக் கிடத்தக் கூடாது. மணலில் உள்ள இரும்புத் துகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். ஒட்டியிருந்தால் ஊதிப் பயன் இல்லை. பசை நாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கிட்டார் ஊமையானால் உடனே புது பிக்கப் வாங்க வேண்டாம். முதலில் ஒயரையும், ஈயப்பற்று வைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். பிறகு மீட்டரை வைத்துப் பார்க்கலாம். சாதாரண பிக்கப் ஒன்று 5 ஆயிரம் முதல் 8 ஆயிரம் ஓம் வரை காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. பொறுமையான கை இருந்தால் அதையும் மறுபடி சுற்றிவிடலாம்.

வலையை அலசி உலர்த்தாமல் வைத்தால் என்ன ஆகும் என்று கடற்கரைக்காரருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிட்டாருக்கும் அதே கவனம்தான். ஒரு துணி, ஒரு பெட்டி, கொஞ்சம் மெழுகு. இவை போதும். அலை ஓயாத கரையில் கிட்டாரின் பாட்டும் ஓயாது!