வற்றிய நிதியும் வாரக் கொடுப்பனவும்

மாரியில் நிறைந்து கோடையில் உதவுவது குளம். வேலையில்லாக் காப்புறுதி நிதியும் அத்தகையதே. தொழில்கள் செழிக்குங்காலத்திற் சிறிது சிறிதாகப் பணத்தைச் சேர்த்து, அவை நலிந்து மக்கள் வேலையிழந்து நிற்குங்காலத்தில் வாரந்தோறும் ஒரு தொகையை வழங்குவதே அதன் நோக்கமாகும். சொல்லுதற்கு எளிதாயுள்ள இவ்வேற்பாடு நடைமுறையில் எத்துணைச் சிக்கலுடையது என்பதை அறிய விரும்புவோர், ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள வட கரோலினா மாநிலத்தின் அனுபவத்தை நோக்குதல் தகும்.

நம் நாட்டு ஊழியர் சேமலாப நிதியோடு இதனை மயங்குதல் கூடாது. சேமலாப நிதியில் ஒவ்வொருவர் பணமும் அவரவர் பெயரிலேயே வளர்கின்றது. காப்புறுதி நிதியோ எல்லோர்க்கும் பொது. வேலையை இழக்காதவர் அதிலிருந்து ஒரு சதமும் பெறார். தம் குற்றமின்றி இழந்தவர் பெறுவர். அமெரிக்க மாநிலங்களுட் பெரும்பாலானவற்றில் இதற்கான வரியைத் தொழிலாளர் செலுத்துவதில்லை, வேலைகொள்வோரே செலுத்துகின்றனர். தம் வேலையாட்களை அடிக்கடி நீக்குவோர்க்கு வரி வீதமும் கூடும்.

அந்நாட்டில் இத்தகைய சட்டத்தை முதன்முதல் இயற்றியது விஸ்கொன்சின் மாநிலம். ஆண்டு 1932. ஏனைய மாநிலங்கள் தயங்கின. தயக்கத்திற்குக் காரணமும் இருந்தது. தான் மட்டும் வரி விதித்தால், தன் ஆலைகள் வரியில்லாத அயல் மாநிலத்துக்குப் பெயர்ந்துவிடுமே என்று ஒவ்வொரு மாநிலமும் அஞ்சிற்று. இவ்வச்சத்தை 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒரு தந்திரத்தினாலே தீர்த்துவைத்தது. நாடெங்குமுள்ள வேலைகொள்வோர் மீது மத்திய அரசாங்கமே ஒரு வரியை விதித்தது. ஆயினும், தம் மாநிலத்தின் காப்புறுதி நிதிக்குப் பணஞ் செலுத்துவோர்க்கு அவ்வரியிற் பத்தில் ஒன்பது பங்கு வரை கழித்துவிடப்படும் என்றும் விதித்தது. சட்டம் இயற்றாத மாநிலத்தின் பணம் எவ்வாறாயினும் வாஷிங்டனுக்கே போய்ச் சேரும். இதற்குப் பின்னர் எந்த மாநிலந்தான் வாளாவிருக்கும்? வட கரோலினா 1936 டிசம்பரிலே தன் சட்டத்தை இயற்றியது. இத்திட்டம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 1937இல் தீர்ப்பளித்தது. நீதியரசர் கார்டோசோ எழுதிய அத்தீர்ப்பை ஏற்றோர் ஐவர், மறுத்தோர் நால்வர். ஒருவர் மனம் மாறியிருப்பின் வரலாறே வேறாகியிருக்கும்.

இனி நிதி வற்றினால் நிகழ்வது யாது என்பதைக் காண்போம். வேலையிழந்தோர்க்குச் சட்டப்படி உரியதை நிறுத்தல் இயலாது. ஆகவே மாநிலம் மத்திய அரசாங்கத்திடம் கடன் வாங்கும். மத்திய வரி இப்பொழுது ஒவ்வொரு வேலையாளின் ஆண்டுச் சம்பளத்திலும் முதல் 7,000 டொலர் மீதே விதிக்கப்படுகின்றது. (இவ்வெல்லை 1983 தொடக்கம் ஒரு டொலர்தானும் உயரவில்லை என்பது வியப்புக்குரியது.) வரி 6 சதவீதம், கழிவு 5.4 சதவீதம், ஆகவே எஞ்சுவது ஆளொன்றுக்கு 42 டொலர். கடன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலும் தீராதிருந்தால், கழிவு ஆண்டுதோறும் 0.3 சதவீதம் குறைந்துகொண்டே வரும். கணக்கிற் பழகிய மாணவர் இதனை உடனே காண்பர்: முதலாண்டில் 21 டொலர் மேலதிகம், அடுத்த ஆண்டில் 42, அதற்கடுத்து 63. கடனை மாநிலம் அடைக்காவிடின், வேலைகொள்வோரிடமிருந்து இவ்வாறு தானாகவே அறவிடப்படும்.

வட கரோலினா புகையிலைக்கும் நெசவாலைகளுக்கும் தளபாடத் தொழிலுக்கும் பேர்பெற்ற நாடு. 1990களில் தொழில் செழித்திருந்தபோது அதன் சட்டசபை காப்புறுதி வரியைக் குறைத்தது. குளம் நிறைந்திருக்கையில் வாய்க்காலை அடைப்பது போன்ற செயல் அது. பின்னர் ஆலைகள் பல மூடப்பட்டன. 2008இன் பெருவீழ்ச்சியும் வந்துற்றது. 2009இல் மாநிலம் கடன் வாங்கத் தொடங்கியது. 2010இல் அங்கே வேலையின்மை 11 சதவீதத்தைத் தாண்டியது. கடனோ 250 கோடி டொலருக்கும் மேலாக ஏறிற்று.

இந்நிலையிலேதான் 2013 பெப்ரவரியில் ஆளுநர் மக்ரோரி புதிய சட்டமொன்றிற் கையொப்பமிட்டார். வாரக் கொடுப்பனவின் உச்சம் 535 டொலரிலிருந்து 350 ஆயிற்று. கொடுக்கும் காலம் 26 வாரங்களிலிருந்து, மாநிலத்தின் வேலையின்மை வீதத்திற்கேற்ப 12 முதல் 20 வாரங்களாகச் சுருங்கிற்று. முன்பு ஒருவர் அதிகமாகப் பெறக்கூடியது 13,910 டொலர். 12 வார எல்லையில் அது 4,200 டொலர் மாத்திரமே. வேலைகொள்வோர்க்கும் சுமை இல்லாமற் போகவில்லை. நிதி 100 கோடி டொலரை எட்டும் வரை 20 சதவீத மேல்வரியை அவர்கள் செலுத்த வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் சுமை தற்காலிகமானது. தொழிலாளர் இழந்ததோ சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது.

மற்றுமொரு விளைவும் உண்டு. நெடுங்காலம் வேலையின்றி இருந்தோர்க்கு மத்திய அரசாங்கம் அக்காலத்தில் தன் பணத்திலிருந்தே மேலதிக வாரங்களை வழங்கிவந்தது. அதற்கு ஒரு நிபந்தனை: மாநிலம் தன் வாரக் கொடுப்பனவைக் குறைத்தல் ஆகாது. வட கரோலினா குறைத்தது. 2013 ஜூலை 1ஆம் தேதி ஏறக்குறைய 70,000 பேர் அவ்வுதவியை ஒரே நாளில் இழந்தனர். அது மாநிலத்தின் கைப்பணமன்று என்பதை நினைக்கும்போது, இவ்வவசரம் எனக்கு விளங்கவேயில்லை. ஆறு மாதம் பொறுத்திருந்தால் அவ்வுதவி நாடெங்கும் தானே முடிவடைந்திருக்கும்.

கடன் 2015இல் தீர்ந்தது. நிதியும் வளர்ந்து, 2020இன் தொடக்கத்தில் 380 கோடி டொலரைக் கடந்து நின்றது. கொள்ளைநோய் வந்தபோது பல மாநிலங்கள் மீண்டும் கடனில் வீழ்ந்தன. வட கரோலினா வீழவில்லை. சட்டத்தை ஆதரிப்போர் இதனையே எடுத்துக்காட்டுவர்; அதில் உண்மையும் உண்டு. ஆயினும் அவ்வாண்டின் வசந்தத்தில் ஆயிரமாயிரம் பேர் வேலையிழந்து நின்றபோது, அம்மாநிலத்தின் காலவெல்லை 12 வாரங்களே. கடந்துபோன மாதங்களின் கணக்கைக் கொண்டு ஆண்டுக்கிருமுறை எல்லையை நிர்ணயிப்பது சட்டம்; அம்மாதங்களோ நல்ல மாதங்கள். மழை ஓய்ந்த பின்னும் சென்ற மாதத்து மழையை அளந்து நீர் பங்கிடும் கணக்கு இது. மத்திய அரசாங்கம் வாரத்துக்கு 600 டொலரும் மேலதிக வாரங்களும் வழங்கியதனாலேயே பல குடும்பங்கள் பிழைத்தன.

2024 செப்டெம்பரில் ஹெலீன் என்னும் புயல் மாநிலத்தின் மேற்கு மலைநாட்டைச் சிதைத்தது. அப்போதைய ஆளுநர் கூப்பர் வார உச்சத்தைத் தற்காலிகமாக 600 டொலராக உயர்த்தினார். 2025இல் சட்டசபை நிரந்தர உச்சத்தை 350இலிருந்து 450 ஆக்கியது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரும் அது பழைய 535ஐ எட்டவில்லை. இடைக்காலத்திலோ அரிசியும் வீட்டு வாடகையும் விலையேறாமல் நின்றனவல்ல.