கைப்பிடிக்கு ஒரு கணக்கு

கொட்டகை வைத்தியம் – 9

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி உள்ளே திரும்பினால், மாடி வீடுகளுக்கு நடுவே இன்னும் சில மாட்டுக் கொட்டகைகளைப் பார்க்கலாம். தகரக் கூரையின் கீழ் இரண்டு மூன்று கலப்பினப் பசுக்கள். விடியற்காலையில் கறந்து, சொசைட்டிக்கும் டீக்கடைக்கும் பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பங்கள். அப்படி ஒரு கொட்டகையில்தான் போன மாதம் ஒரு காலை நேரம் நின்றிருந்தேன்.

"நேத்து சாயந்திரமே காம்பு சூடா இருந்துச்சு தம்பி. இன்னைக்குப் பாரு, மடி கல்லாட்டம் ஆயிடுச்சு" என்றார் மாட்டுக்காரம்மா. முதல் இரண்டு பீய்ச்சலை ஒரு கறுப்புத் தட்டில் கறந்து காட்டினார். பாலில் வெள்ளை வெள்ளையாகத் திரிகள் மிதந்தன.

மடிநோய். கறவை மாடு வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் நோய். காம்புத் துளை வழியே கிருமி உள்ளே போய்ப் பால் சுரப்பியைத் தாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் ஒரு காம்பு நிரந்தரமாக அடைத்துப் போகும். நான்கு காம்பில் ஒன்று போனால் மாட்டின் விலை எவ்வளவு இறங்கும் என்பது, தீபத் திருவிழாவையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையில் ஒரு தடவையாவது பேரம் பேசியவர்களுக்குத் தெரியும்.

அந்த அம்மா மிக்ஸியை எடுத்தார். சோற்றுக் கற்றாழை மடலை முள் சீவித் தோலோடு நறுக்கிப் போட்டார். மஞ்சள் தூள் போட்டார். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் வழித்துப் போட்டு ஓட்டினார். பச்சையும் மஞ்சளுமாக இருந்த கலவை கண்ணெதிரே செங்கல் நிறத்துக்கு மாறியது. இதில் மாயம் இல்லை. மஞ்சளில் உள்ள குர்குமின், சுண்ணாம்பின் காரம் பட்டால் சிவக்கும். வாசலில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான்.

இந்த மருந்தின் அளவு: கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மடியிலுள்ள பாலை முழுக்கக் கறந்துவிட்டு, மடியைக் கழுவி, விழுதில் ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து மடி முழுதும் தடவ வேண்டும். காய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரை, ஐந்து நாள். விழுதை அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு தானாக வரவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் தஞ்சாவூரில் இயங்கும் மரபுசார் மூலிகை மருத்துவ ஆராய்ச்சி மையமும், அங்கே பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தியும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். கிராமத்துக் கைவைத்தியத்தைக் கேட்டு, எடை போட்டு, யார் செய்தாலும் ஒரே மாதிரி வரும்படி வரையறுத்தார்கள். இன்று தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே இதைப் பால் கூட்டுறவுகள் வழியாக நாடு முழுதும் பரிந்துரைக்கிறது. தஞ்சைச் சமையலறைப் பொருள்கள் குஜராத் கொட்டகைகள் வரை போய்விட்டன.

ஊசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலில் அந்த மருந்து சில நாள் தங்குகிறது. மருந்துச் சீட்டில் எழுதியுள்ள நாள் கழியும் வரை அந்தப் பாலைக் கொட்டத்தான் வேண்டும். ஆனால் தினக் கூலிபோல் பாலை நம்பி இருக்கும் வீட்டில், கொட்ட மனம் வராது. பால் கேனுக்குப் போய்விடுகிறது. அந்தப் பாலில் உறை ஊற்றினால் சில நேரம் தயிர் சரியாகத் தோயாது. தயிராக்கும் நல்ல நுண்ணுயிரையே மருந்து அடக்கிவிடுகிறது. அதே பால் தினம் ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவதற்கு இப்படியும் ஒரு வழி திறக்கிறது.

உலகமும் இந்த இடத்தில்தான் யோசிக்கத் தொடங்கியது. தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2006-ல் தடை வந்தது. நம் நாடு 2019-ல், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கத் தடை போட்டது. அந்த இடத்தை நிரப்பத்தான் மூலிகை எண்ணெய், நன்மை செய்யும் நுண்ணுயிர், பூண்டு, மஞ்சள் என்று ஆராய்ச்சிக் கூடங்கள் தேடுகின்றன.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இயற்கைப் பொருள் என்பதாலேயே அது தீங்கு செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. நம் வேலியோரத்துச் சவுண்டலையே எடுத்துக்கொள்வோம். சூபாபுல் என்றும் சொல்வோம். புரதம் நிறைந்த அருமையான தழை. அதில் மைமோசின் என்ற நச்சும் இருக்கிறது. அளவு மீறினால் மாட்டுக்கு முடி கொட்டும், கழுத்தில் தைராய்டு வீங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதைத் தின்று நோயுற்றன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி காரணத்தைத் தேடினார். ஹவாய் ஆட்டின் வயிற்றில் அந்த நச்சை முறிக்கும் நுண்ணுயிர் இருந்தது. அதைக் கொண்டுவந்து ஆஸ்திரேலிய மாடுகளுக்குக் கொடுத்ததும் அவை தேறின. அந்த நுண்ணுயிருக்கு 1992-ல் அவர் பெயரையே வைத்தார்கள். தழை ஒன்றுதான். தின்னும் வயிறும் தின்ற அளவும்தான் வேறு. அதனால்தான் பசுந்தீவனத்தில் சவுண்டல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள்.

அந்த அம்மாவிடமும் அதைத்தான் பேசினேன். "எல்லாம் கண்ணளவுதான் தம்பி" என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் அவர் வழக்கமாக எடுக்கும் சுண்ணாம்பை நிறுத்துப் பார்த்தோம். இருபத்தெட்டு கிராம். ஏறக்குறைய இரட்டிப்பு. "அதான் போன தடவை காம்புத் தோல் எரிஞ்சி, மாடு உதைச்சுதா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மடி இளகிப் பால் தெளிந்தது. அதை வைத்து இந்த மருந்து எல்லா மாட்டையும் தேற்றும் என்று எழுத மாட்டேன். லேசான மடிநோய் சில நேரம் தானாகவும் ஆறும். அதனால்தான் பல மாடுகளுக்குக் கொடுத்து, கொடுக்காதவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டாலோ, தீனி எடுக்காவிட்டாலோ, மடி சில்லிட்டுக் கறுத்தாலோ விழுதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

வராமல் தடுப்பது இதைவிடச் சுலபம். கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடாது. அரை மணி நேரமாவது மாட்டைப் படுக்க விடாதீர்கள். அந்த நேரத்தில் முன்னால் பசுந்தீவனம் போட்டால் போதும், தின்றுகொண்டே நிற்கும்.

நான் கிளம்பும்போது அந்த அம்மா, சுவரில் பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் கரியால் மூன்று எண்களை எழுதிக்கொண்டிருந்தார். 250, 50, 15. "நான் இல்லாத நேரத்துல மருமக அரைக்கணும்னா தெரியணுமில்ல" என்றார்.

(அடுத்த வாரம்: கோமாரிக்குத் தடுப்பூசி, வாய்ப்புண்ணுக்குச் சீரகமும் வெந்தயமும்)